கனமும் நிறையும் ஈர்ப்பும்

ஆங்கிலத்தில் 'கிராவிட்டி' என்று ஒரு சொல் வழங்குகிறது. பள்ளிச் சிறுவன் அதனைப் பௌதிகப் பாடத்தில் காண்கிறான். வழக்கறிஞர் 'குற்றத்தின் கிராவிட்டி' என்று நீதிமன்றத்தில் வாதிடுகிறார். நாளிதழின் தலையங்கம் 'நிலைமையின் கிராவிட்டி' என்று எழுதுகிறது. குழாய் பதிக்கும் மேஸ்திரியோ, 'மோட்டார் வேண்டாம். தண்ணீர் கிராவிட்டியிலேயே இறங்கிவிடும்' என்கிறார். நால்வரும் ஆள்வது ஒரே சொல்லைத்தான். ஆயினும் அவர்கள் கூறியதைத் தமிழில் எழுதப் புகுந்தால் நான்கு சொற்கள் வேண்டியிருக்கின்றன. ஆங்கிலக் குறிப்புகளைத் தமிழாக்குவதையே அலுவலாகக் கொண்ட என் போன்றோர், இச்சொல் எதிர்ப்படும்போதெல்லாம் சற்றுப் பேனாவை நிறுத்தி யோசிக்கின்றோம். ஒரு சொல்லுக்கு ஒரு சொல் ஏன் அகப்படவில்லை? இவ்வினாவைத் தொடர்ந்து சென்றால், நம் மொழியின் வரலாற்றில் ஒரு நல்ல பகுதியைக் காணலாம்.

இவ்வரலாற்றைப் பெங்களூர் நகரத்து மர்பி டவுனில் நின்றுகொண்டு பார்ப்பது பொருத்தமாக இருக்கும். அல்சூர் ஏரிக்கு அண்மையில் உள்ள இக்குடியிருப்பு, முன்னாளில் நாக்ஸ்பேட்டை என வழங்கியது. பின்னர் மர்பி என்னும் பொறியாளரின் பெயரைப் பெற்றது. 1809-ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் தம் படையைச் சீரங்கப்பட்டணத்திலிருந்து பெங்களூருக்கு மாற்றித் தண்டு அமைத்தனர். அப்படையை ஒட்டி வாழும் வணிகரும், கைவினைஞரும், கூலித் தொழிலாளரும் சென்னை மாகாணத்து மாவட்டங்களிலிருந்து பெருவாரியாக வந்து குடியேறினர். 1947-இல் தண்டுப் பகுதி மைசூர் அரசின் வசம் ஒப்படைக்கப்பட்டது. ஆட்சி மாறியபின்னும் அல்சூரிலும் மர்பி டவுனிலும் தமிழ் வீட்டுமொழியாக நிலைத்தது.

அங்குள்ள தமிழ்க் குடும்பத்துச் சிறுமி ஒருத்தியை எண்ணிக்கொள்வோம். அவள் படிப்பது கன்னடப் பள்ளியாயின், பொருள்கள் தரையில் விழுவதற்குக் காரணம் 'குருத்வாகர்ஷணெ' என்று மனப்பாடம் செய்கிறாள். ஆங்கிலப் பள்ளியாயின் 'கிராவிட்டி' என்கிறாள். விடுமுறைக்கு வேலூருக்கோ சேலத்துக்கோ சென்றால், அங்குள்ள மாமன் மகள் 'புவியீர்ப்பு விசை' என்று வேறொரு பெயரைச் சொல்கிறாள். வீட்டிலோ பாட்டி, 'குடம் கனமாய் இருக்கிறது. பார்த்துத் தூக்கு' என்கிறாள். இந்நான்கும் ஒரே செய்தியின் நான்கு முகங்கள் என்பதை அச்சிறுமிக்கு யார் சொல்வது? மர்பி டவுனில் மட்டுமன்று, மும்பைத் தாராவியிலும், தில்லியிலும், ஜாம்ஷெட்பூரிலும், கோலார் தங்கவயலிலும் வாழும் தமிழ்ப் பெற்றோர் அனைவருக்கும் உரிய கேள்வி இது.

முதலில் ஆங்கிலச் சொல்லின் பிறப்பைக் காண்போம். இலத்தீன் மொழியில் 'கிராவிஸ்' என்றால் கனமானது என்று பொருள். அதிலிருந்து 'கிராவிடாஸ்' என்னும் பண்புப்பெயர் தோன்றிற்று. உரோமானியர் அதனைக் கல்லின் பாரத்துக்கும் வழங்கினர். எளிதில் அசையாத மனிதனின் மதிப்புக்கும் வழங்கினர். ஆங்கிலத்துக்கு இச்சொல் வந்தபோது முதலில் நிலைத்தது இரண்டாவது பொருளே. 16-ஆம் நூற்றாண்டில் 'கிராவிட்டி' என்றால் ஒருவரின் கம்பீரம், ஒரு காரியத்தின் முக்கியத்துவம் என்றே கொண்டனர். பொருள்கள் கீழ்நோக்கி விழும் இயல்பை அது குறிக்கத் தொடங்கியது 17-ஆம் நூற்றாண்டில்தான். மனிதரின் குணத்தைச் சுட்டிய சொல், பின்னரே பௌதிகத்துக்குச் சென்றது என்பதை நாம் நினைவிற் கொள்ளவேண்டும். சட்டத்தில் 'கொடுங்காயம்' என்று நாம் தமிழாக்கும் தொடரில் உள்ள 'கிரீவஸ்' என்னும் ஆங்கிலச் சொல்லும் இதே வேரிலிருந்து கிளைத்தது. ஆனால் புதைகுழியைக் குறிக்கும் 'கிரேவ்' என்பதற்கும் இதற்கும் உறவில்லை. அது தோண்டுதல் என்னும் பொருளுடைய வேறொரு பழஞ்சொல்லின் வழிவந்தது.

இலத்தீன் 'கிராவிஸ்' என்பதற்கு நம் நாட்டிலும் ஓர் உடன்பிறப்பு உண்டு. வடமொழியில் உள்ள 'குரு' என்னும் சொல்லே அது. இவ்விரண்டும் ஒரே மூலத்திலிருந்து பிரிந்தவை என்று மொழிநூலார் காட்டியுள்ளனர். 'குரு' என்றால் முதற்பொருள் கனமானது என்பதே. கனத்துக்குரியவர், மதிப்புக்குரியவர் என்ற வழியில் அது ஆசிரியரைக் குறிக்கலாயிற்று. அதன் எதிர்ச்சொல் 'லகு'. நாம் எளிது என்னும் பொருளில் வழங்கும் 'இலகு' அதன் தமிழ் வடிவம். வியாழன் என்னும் கோளுக்குக் 'குரு' என்று பெயர் அமைந்தது, தேவர்களின் ஆசிரியர் என்னும் புராணக் கருத்தால் ஆகும். ஆயினும் சூரியனைச் சுற்றும் கோள்களுள் எல்லாவற்றிலும் கனமானது வியாழனே என்பது பிற்கால வானநூலார் கண்ட உண்மை. பெயர் வைத்தவர்கள் அறியாமலே அப்பெயர் இருபொருளிலும் பொருந்திவிட்டது!

இனி, பொருள்கள் ஏன் விழுகின்றன என்னும் கேள்விக்கு வருவோம். வைசேடிக நூலார் 'குருத்துவம்' என்பதை ஒரு குணமாகக் கொண்டு, அதுவே விழுதலுக்குக் காரணம் என்றனர். அவர்கள் கருத்தில் விழுவதற்கான காரணம் விழும் பொருளிலேயே அடங்கியிருந்தது. தமிழில் மணிமேகலைக் காப்பியம் பல சமயத்தாரின் கொள்கைகளைத் தொகுத்துக் கூறும் காதையில், ஆசீவகர் கண்ட அணுக்களின் இயல்பைச் சொல்கிறது. நிலம் தாழும்; நீர் இழிந்து ஆழும்; தீ மேலே எழும்; காற்று குறுக்கே வீசி அசையும் என்பது அங்குக் கூறப்படும் கருத்து. யவன நாட்டு அரிஸ்டாட்டிலும் மண்ணும் நீரும் கீழ்நோக்குவன, காற்றும் தீயும் மேல்நோக்குவன என்றே கொண்டார். வெவ்வேறு நாடுகளில் வாழ்ந்த அறிஞர்கள் ஏறக்குறைய ஒரே முடிவுக்கு வந்தமை வியப்பன்று. இருவர் கண்முன்னும் விழுந்தது ஒரே கல். எழுந்தது ஒரே தீ.

இக்கருத்திலிருந்து வேறுபட்ட ஒரு குரலும் நம் நாட்டில் ஒலித்தது. 1150-ஆம் ஆண்டில் சித்தாந்த சிரோமணியை இயற்றிய பாஸ்கராசாரியார், பூமிக்கு இழுக்கும் ஆற்றல் உண்டு. வானிலுள்ள கனமான பொருளை அது தன்பால் இழுக்கின்றது. அதனையே நாம் விழுதல் என்கிறோம் என்னும் கருத்தைக் கூறினார். விழுவதற்கான காரணத்தைப் பொருளிலிருந்து பூமிக்கு மாற்றிய கூற்று இது. ஆனால் நியூட்டன் கண்டதை அவர் முன்னரே கண்டுவிட்டார் என்று கூறுவது மிகையாகும். மரத்திலிருந்து கனியை இழுக்கும் ஆற்றலே சந்திரனையும் அதன் பாதையில் நிறுத்துகிறது என்பதையும், தொலைவு இருமடங்கானால் அவ்வாற்றல் நான்கில் ஒன்றாகக் குறையும் என்பதையும் கணிதத்தால் நாட்டியவர் ஐசக் நியூட்டன். அவருடைய நூல் வெளிவந்தது 1687-ஆம் ஆண்டில். பூமி கல்லை இழுப்பது போலவே கல்லும் பூமியை இழுக்கிறது என்பது அந்நூலின் முடிவு. அதன்பின் கனம் என்பது ஒரு பொருளின் தனிச்சொத்தாக இல்லை. இரு பொருள்களுக்கு இடையேயுள்ள உறவாயிற்று.

இந்தப் புதுக்கருத்துக்கு இந்திய மொழிகளில் பெயர் வைக்கும் காலம் வந்தபோது இரு வழிகள் தோன்றின. இந்தியும், கன்னடமும், தெலுங்கும், மலையாளமும் 'குருத்துவம்' என்னும் பழஞ்சொல்லையும் 'ஆகர்ஷணம்' என்னும் சொல்லையும் இணைத்துக்கொண்டன. கனத்தால் ஆகிய இழுப்பு என்பது அக்கூட்டுச்சொல்லின் பொருள். பழைய கொள்கையும் புதிய கொள்கையும் ஒரே சொல்லில் அருகருகே அமர்ந்திருப்பதை அதில் காணலாம். தமிழும் தொடக்கத்தில் அவ்வழிக்கு அண்மையிலேயே நடந்தது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தமிழில் விஞ்ஞானம் எழுதியோர் 'ஆகர்ஷண சக்தி' என்றே எழுதினர். பாமரர் பேச்சிலும் அது புகுந்தது. கூட்டத்தைக் கவரும் பேச்சாளரை 'ஆகர்ஷண சக்தி உள்ளவர்' என்று புகழ்ந்தனர்.

ஆயினும் குருத்துவம் என்னும் சொல்லுக்குத் தமிழில் ஒரு தடை இருந்தது. தமிழ்க் கிறித்தவர்களிடையே அது சமய குருவின் பதவியைக் குறிக்கும் சொல்லாக வேரூன்றிவிட்டது. ஆலயத்தில் குருத்துவத்தைப் பற்றிக் கேட்ட சிறுவன் மறுநாள் பள்ளியில் கல் விழுவதற்குக் காரணமும் குருத்துவம் என்று கேட்டால் திகைக்கமாட்டானா? ஒரு சொல்லை எங்கிருந்து பெறுகிறோம் என்பதோடு, அது ஏற்கெனவே மக்களிடையே என்ன வேலை செய்துகொண்டிருக்கிறது என்பதையும் பார்க்கவேண்டும்.

தமிழில் கலைச்சொல்லாக்கம் ஓர் இயக்கமாகவே வளர்ந்தது. 1916-இல் சேலத்தில் இராஜாஜியும் வெங்கடசுப்பையரும் தமிழ்ச் சாஸ்திர பரிபாஷைச் சங்கத்தை நிறுவி அதற்கென ஓர் இதழை நடத்தினர். சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் 1938-இல் 'கலைச்சொற்கள்' என்னும் தொகுதியை வெளியிட்டது. 1940-இல் சீனிவாச சாஸ்திரியார் தலைமையில் அரசு அமைத்த குழு வடசொற்களின் பக்கம் சாய்ந்தபோது, தமிழறிஞர்கள் அதனை எதிர்த்து வாதிட்டனர். விடுதலைக்குப் பின் பெரியசாமித் தூரன் அவர்களை ஆசிரியராகக் கொண்டு 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வெளிவந்த கலைக்களஞ்சியமும், பெ. நா. அப்புசாமி போன்றோரின் எளிய விஞ்ஞானக் கட்டுரைகளும் புதுச்சொற்களைப் படிப்பவர் நாவில் பழக்கின. மத்திய அரசு 1961-இல் நிறுவிய அறிவியல் தொழில்நுட்பக் கலைச்சொல் ஆணையம், இந்திய மொழிகள் அனைத்துக்கும் இயன்றவரை பொதுவான, வடமொழி வேரிலமைந்த சொற்களை விரும்பியது. நாடெங்கும் ஒரு மாணவன் எளிதிற் கற்கவேண்டும் என்ற அதன் நோக்கம் நல்லதே. தமிழ், ஒரே சொல் என்னும் வசதியைக் காட்டிலும் தன் மக்களுக்கு உடனே விளங்கும் சொல் என்னும் வசதியைத் தெரிந்துகொண்டது.

அவ்வாறு நிலைபெற்றதே 'ஈர்ப்பு'. ஈர்த்தல் என்றால் இழுத்தல். வண்டியை எருது ஈர்க்கும். இரும்பைக் காந்தம் ஈர்க்கும். கேட்பவரை இசை ஈர்க்கும். அந்த வரிசையில் மரத்துக் கனியைப் பூமி ஈர்க்கும் என்றால் விளக்கவுரை தேவைப்படவில்லை. அச்சொல்லிலிருந்து கிளைகளும் எளிதிற் பிறந்தன. அண்டவெளியில் இரு கருந்துளைகள் மோதியதால் எழுந்த அலைகளை 2015-ஆம் ஆண்டு செப்டம்பரில் அமெரிக்க நாட்டுக் கருவிகள் உணர்ந்தன. மறு ஆண்டு பிப்ரவரியில் அச்செய்தி வெளியானபோது தமிழ் நாளிதழ்கள் 'ஈர்ப்பு அலைகள்' என்று எழுதின. வாசகர் எவரும் அகராதியைத் தேடவில்லை.

ஒரு நுட்பத்தை இங்கே மறைக்கலாகாது. ஐன்ஸ்டைன் 1915-இல் வகுத்த கொள்கையின்படி, ஈர்ப்பு என்பது உண்மையில் இழுப்பே அன்று. பொருள்களின் கனத்தால் வெளியும் காலமும் வளைவதன் விளைவே அது. அவ்வாறாயின் 'குருத்துவம்' என்ற சொல் வைசேடிகரின் காலத்தோடு நின்றது; 'ஈர்ப்பு' நியூட்டனின் காலத்தோடு நின்றது என்று கூறவேண்டும். 'கிராவிட்டி' என்ற ஆங்கிலச் சொல்லோ உரோமானியர் காலத்திலேயே நிற்கிறது! அறிவு வளருந்தோறும் பெயரை மாற்றிக்கொண்டிருக்க இயலாது. சூரியன் உதிப்பதில்லை என்று அறிந்தபின்னும் சூரியோதயம் என்றுதான் சொல்கிறோம். ஆகையால் எந்தச் சொல் பௌதிகத்துக்கு முழுதும் பொருந்தியது என்று வழக்காடுவதில் பயனில்லை. எந்தச் சொல் கற்பவனின் வாழ்வோடு ஒட்டியிருக்கிறது என்பதே கேட்கத்தக்க கேள்வி.

இங்கேதான் ஆங்கிலச் சொல்லின் மற்றொரு பாதி நம்மை எதிர்நோக்குகிறது. 'ஈர்ப்பு' இழுப்பைச் சொல்லிற்று. பாரத்தையும் மதிப்பையும் அது சொல்லவில்லை. ஒரு மனிதரின் 'கிராவிட்டி' என்பதை ஈர்ப்பு என்று எழுதினால் அவருடைய கவர்ச்சி என்று பொருள்பட்டுவிடும்; கம்பீரம் என்னும் கருத்து போய்விடும். அந்தப் பாதிக்குத் தமிழில் சொல் இல்லையோ என்று ஐயுறுபவர் நம் வீட்டுப் பேச்சைச் செவிகொடுத்துக் கேட்கவேண்டும்.

'கனம்' என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். செறிவைக் குறிக்கும் வடசொல்லிலிருந்து வந்த இது, தமிழில் எத்தனை கிளைகளாகப் படர்ந்துள்ளது! மூட்டை கனக்கிறது, துயரச் செய்தி கேட்ட மனமும் கனக்கிறது. மதிப்புடைய மனிதரைக் கனவான் என்கிறோம். சென்னைச் சட்டசபையில் அமைச்சர்களின் பெயருக்கு முன்னே 'கனம்' என்று அடைகொடுத்து அழைத்த காலம் உண்டு. அவ்விடத்தைப் பின்னாளில் 'மாண்புமிகு' பெற்றது. 'கனம் கோர்ட்டார் அவர்களே' என்னும் விளி நாடக மேடையிலும் திரைப்படத்திலும் நெடுங்காலம் ஒலித்தது. தமிழ் விவிலியத்தின் பழைய மொழிபெயர்ப்பில் பெற்றோரை மதித்தலுக்குக் 'கனம்பண்ணுதல்' என்ற சொல் ஆளப்பட்டது. அதற்கு மூலமான எபிரெயச் சொல்லின் வேரும் கனத்தையே குறிக்கும் என்பது அறிந்து மகிழத்தக்கது. அதே கனம் உரிய இடத்தை விட்டுத் தலைக்கு ஏறினால் மட்டும் பெயர் மாறிவிடுகிறது. 'தலைக்கனம்' என்று இகழ்கிறோம். சொல்லில் கனம் இருந்தால் பெருமை, தலையில் கனம் இருந்தால் சிறுமை என்று பகுத்த இந்த நுட்பம் எந்த அறிஞர் குழுவும் அமர்ந்து ஆக்கியதன்று.

'பாரம்' என்பதும் இத்தகையதே. பாரவண்டி, பாரம் ஏற்றுதல், மனபாரம் என்று வழங்கும் இச்சொல்லிலிருந்து 'பாரதூரம்' என்றொரு தொடர் பிறந்தது. 'பாரதூரமான விளைவு' என்று இலங்கைத் தமிழ் நாளிதழ்கள் இன்றும் எழுதுகின்றன. நிலைமையின் 'கிராவிட்டி' என்பதற்கு இதனினும் பொருத்தமான சொல்லைத் தேடவேண்டியதில்லை. காற்றழுத்தத்தை அளக்கும் பாரோமீட்டர் கருவியின் பெயரிலும் பாரம் ஒலிப்பதாகச் சிலர் எண்ணக்கூடும். அது கனமானது எனப் பொருள்படும் கிரேக்கச் சொல். 'குரு' என்பதற்கு உறவு. நம் 'பாரம்' என்பதற்கு உறவன்று.

தமிழகத்துப் பழைய பாதைகளின் ஓரத்தில் சுமைதாங்கிக் கற்களைக் காணலாம். இரு கற்களை நட்டு, அவற்றின்மேல் ஒரு கல்லைக் கிடத்தி, தோளுயரத்தில் அமைத்திருப்பார்கள். தலைச்சுமையோடு நடப்பவர், பிறர் உதவியின்றி அதன்மேல் சுமையை இறக்கி இளைப்பாறி, மீண்டும் தூக்கிக்கொண்டு போகலாம். கருவுற்ற நிலையில் இறந்த பெண்ணின் நினைவாக அக்கல்லை நாட்டுவது வழக்கம். இறக்கிவைக்க இயலாமற்போன ஒரு சுமைக்காக, வழிப்போக்கர் அனைவரின் சுமையையும் இறக்க இடம் அமைத்தனர். சுமை என்னும் சொல்லின் இருபொருளும் அங்கே கல்லாக நிற்கின்றன.

எல்லாவற்றிலும் மேலாக நான் கருதுவது 'நிறை' என்னும் சொல். நிறைதல், நிரம்புதல் என்ற பொருளில் தொடங்கி, தராசில் இட்டு அளக்கும் எடையை அது குறித்தது. அத்துடன், உள்ளத்தைத் தன் வசத்தில் நிறுத்தும் திண்மைக்கும் பழந்தமிழர் 'நிறை' என்றே பெயரிட்டனர். திருக்குறளின் காமத்துப்பாலில் 'நிறையழிதல்' என்று ஓர் அதிகாரமே உண்டு. நிறைகுடம் தளும்பாது என்னும் பழமொழி குடத்தைப் பற்றிப் பேசுவது போல மனிதரைப் பற்றிப் பேசுகிறது. உரோமானியர் 'கிராவிடாஸ்' என்று எதனைச் சொன்னார்களோ, அதனை, பொருளின் கனத்தையும் மனிதனின் அசையாமையையும், ஒரே சொல்லில் தமிழும் வைத்திருந்தது.

இந்த 'நிறை' இன்று இரு கரைகளில் இருவேறு பணி செய்கிறது. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் ஒரு பொருளில் அடங்கிய பருப்பொருளின் அளவு 'நிறை'. அதன்மீது பூமியின் ஈர்ப்பு செலுத்தும் விசை 'எடை'. இலங்கைப் பாடநூல்களிலோ முன்னதற்குத் 'திணிவு' என்று பெயர். பின்னதற்கே 'நிறை' என்று பெயர். யாழ்ப்பாணத்து மாணவனும் மதுரை மாணவனும் ஒரே சொல்லைச் சொல்லி இருவேறு அளவுகளைக் கருதுவார்கள். வெளிநாடுகளில் இரு நாட்டுப் பிள்ளைகளும் ஒருங்கு கூடிப் படிக்கும் தமிழ்ப் பள்ளிகளின் ஆசிரியர்கள் இதனை முன்னரே எடுத்துரைத்துவிடுவது நலம்.

நிறைக்கும் எடைக்கும் உள்ள வேறுபாட்டைப் பெங்களூர்வாசி தம் உடலைக் கொண்டே அறியலாம். சென்னை கடல்மட்டத்தை ஒட்டியது. பெங்களூர் கடல்மட்டத்துக்குமேல் சுமார் 900 மீட்டர் உயரத்தில் உள்ளது. இரண்டும் ஏறத்தாழ ஒரே அட்சரேகையில் அமைந்தவை. பூமியின் நடுவிலிருந்து விலகுந்தோறும் ஈர்ப்புக் குறைவதால், சென்னையிலிருந்து மர்பி டவுனுக்குக் குடிவந்தவரைச் சுருள்வில் தராசில் நிறுத்தினால் சில கிராம் குறைவாகக் காட்டும். ஆனால் இரு தட்டுத் தராசில் நிறுத்தினால் எந்த வேறுபாடும் தோன்றாது. ஏனெனில் எதிர்த்தட்டில் உள்ள படிக்கற்களும் அதே அளவு இலேசாகிவிடுகின்றன. எடை ஊருக்கு ஊர் சற்றே மாறும். நிறை எங்குச் சென்றாலும் மாறாது.

அந்த 900 மீட்டர் உயரத்தின் விலையை அந்நகரத்தார் நாள்தோறும் கொடுக்கின்றனர். காவிரி தமிழகத்தை நோக்கித் தானே இறங்கி ஓடுகிறது. அதற்கு ஈர்ப்பே போதும். பெங்களூர்க் குழாய்களுக்கு அதே காவிரி நீரை அனுப்புவதற்கோ, சுமார் 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து ஏறத்தாழ 500 மீட்டர் உயரத்துக்குப் பல கட்டங்களில் இயந்திரங்களால் ஏற்றவேண்டியிருக்கிறது. 'கிராவிட்டியில் வரும்' என்று மேஸ்திரி சொல்லும் தண்ணீர், முதலில் கிராவிட்டியை எதிர்த்து ஏறிவந்த தண்ணீர்தான்.

ஈர்ப்பு உலகெங்கும் ஒரே அளவினதும் அன்று. குமரிமுனைக்கும் இலங்கைக்கும் தெற்கே இந்துமாக்கடலில் ஈர்ப்பு மிகத் தாழ்ந்த ஓர் இடம் இருக்கிறது. அங்குக் கடலின் மட்டம், கணித்த உலக மட்டத்தைக் காட்டிலும் சுமார் 106 மீட்டர் பள்ளமாக உள்ளது. உலகில் இத்தகைய பள்ளங்களுள் இதுவே பெரிது. 1948-இல் வெனிங் மைனஸ் என்னும் டச்சு அறிஞர் கண்டறிந்த இதன் காரணத்தை, பூமியின் ஆழத்தில் எழும் வெப்பம் மிகுந்த, செறிவு குறைந்த பாறைக்குழம்போடு தொடர்புபடுத்தி 2023-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. அதனைச் செய்தவர்கள் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்தவர்கள்.

அக்கழகத்துக்கு 1933-இல் இயக்குநராக வந்த சர் சி. வி. இராமனின் தமையன் மகன் ஒருவரை வெளிமாநிலத் தமிழர் சிறப்பாக நினைக்கவேண்டும். அவர் பிறந்தது 1910-இல், இலாகூரில். தந்தையார் இரயில்வேயின் கணக்குத் துறையில் பணிபுரிந்ததால் அங்குக் குடியிருந்த தமிழ்க் குடும்பம் அது. அப்பிள்ளையே சுப்பிரமணியன் சந்திரசேகர். 1930-இல் இங்கிலாந்துக்குக் கப்பலில் செல்லும்போது, எரிபொருள் தீர்ந்த விண்மீன் தன் கனத்தைத் தானே தாங்கிக்கொள்ள ஓர் எல்லை உண்டு என்று அவர் கணக்கிட்டார். சூரியனைப் போல் சுமார் 1.4 மடங்கு நிறையே அந்த எல்லை. அதைக் கடந்தால் விண்மீன் தன் ஈர்ப்பாலேயே மேலும் நொறுங்கிச் சுருங்கும். அவருக்கு நோபல் பரிசு 1983-இல் வந்தது. ஊர் விட்டு ஊர் சென்ற வீட்டில் பிறந்த பிள்ளைக்கு அறிவு எந்தக் குறையும் வைப்பதில்லை.

மர்பி டவுன் கடைவீதியில் கன்னடம் பேசும் வியாபாரி, எடையைத் 'தூக' என்கிறார். ககரத்தை வல்லோசையாக ஒலிக்கவேண்டும். எடையுள்ள, மதிப்புள்ள பேச்சையும் கன்னடத்தார் அச்சொல்லாலேயே சிறப்பிக்கின்றனர். இது நமக்குப் புதிய சொல்லா? நம் 'தூக்கு' என்பதன் உடன்பிறப்பன்றோ! தமிழில் தூக்குதல் என்றால் உயர்த்துதல். தராசில் நிறுத்தலும் தூக்குதல். நன்மை தீமைகளை ஆராய்தலும் தூக்குதல். வள்ளுவர் வலியறிதல் அதிகாரத்தில், செயலின் வலிமையையும் தன் வலிமையையும் பகைவன் வலிமையையும் ஆராயும்படி கூறுமிடத்தில் இவ்வினையையே ஆள்கிறார். மயிலிறகேயானாலும் அளவு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்று கனத்தின் கணக்கைச் சொல்வதும் அதே அதிகாரத்தில்தான். அவருடைய சிலை அல்சூர் ஏரிக்கரையில் 1991-இல் நிறுவப்பட்டு, நெடுங்காலம் மூடியே இருந்து, 2009-ஆம் ஆண்டு ஆகஸ்டில் இரு மாநில முதலமைச்சர்களும் கூடிய விழாவில் திறக்கப்பட்டது. இரு மொழியாரும் சீர்தூக்கிப் பார்த்து ஒரு முடிவுக்கு வந்த நாள் அது.

அன்பர்களே, வெளிமாநிலத்தில் வாழும் நம் இல்லங்களில் 'வெயிட்டு', 'சீரியஸ்', 'கிராவிட்டி' என்று சொல்லிப் பழகுவதால் விஞ்ஞானத்துக்கு ஒன்றும் நட்டமில்லை. தேர்வில் மதிப்பெண்ணும் குறையாது. ஆனால் பளுவான பையை 'வெயிட்டு' என்று மட்டும் அறிந்த பிள்ளைக்கு, மனம் கனப்பதும் தலைக்கனமும் தனித்தனிச் செய்திகளாகிவிடுகின்றன. ஒரு பொருளின் அளவிலிருந்து ஒரு மனிதனின் அளவை உணர்ந்துகொள்ளும் வழி அடைபட்டுவிடுகிறது. அந்த இழப்பு எந்த மதிப்பெண் பட்டியலிலும் தெரியாது.

ஆதலால் பள்ளியில் கற்றுவந்த சொல்லை விலக்காமல், அதன் பக்கத்திலேயே நம் சொல்லையும் வைத்துக் காட்டுவோம். கல் விழுந்தால் அது ஈர்ப்பு. மூட்டை அழுத்தினால் அது கனம். குற்றம் பெரிதாயின் அதன் கடுமை. நிலைமை முற்றினால் அதன் பாரதூரம். நிதானம் தவறாதவரைக் கண்டால் நிறையுடையவர் என்போம். கன்னடப் புத்தகத்தில் 'குருத்வ' என்று வந்தால், பாட்டி வழங்கும் 'குரு'வும் 'இலகு'வும் அதே குடும்பத்தவை என்று சொல்லலாம். கடைக்காரர் 'தூக' என்றால், நம் 'தூக்கு' என்பதற்கு அது அண்டை வீடு என்று சொல்லலாம். இதற்குத் தனிப் பாடநூலோ வகுப்போ வேண்டியதில்லை. சந்தையிலிருந்து பையைச் சுமந்து திரும்பும் நேரமே போதும்.